கத்திரி வெயிலில் ஓடு மாற்றும் வேலை: ஆட்களுக்குத் தண்ணீர் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

கேள்வி – பள்ளத்தூர் வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டுக் கூரையில் பழைய நாட்டு ஓடுகளை இறக்கி, இற்றுப்போன சட்டங்களை மாற்றி, மீண்டும் வேயும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பங்காளிகள் எல்லோரும் பணம் போட்டுச் செய்யும் வேலை என்பதால், விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் நான் உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடப்பட வேண்டும், ஓட்டு வேலை தெரிந்த ஆட்களும் இப்போதுதான் கிடைத்தார்கள் என்பதால், கத்திரி வெயில் என்று தெரிந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

காலை எட்டு மணிக்கு மேலே ஏறும் ஆட்கள் பதினொரு மணித் தேநீருக்குத்தான் இறங்குகிறார்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், மண்பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. இறங்கியவுடன் ஒவ்வொருவரும் அண்ணாந்து இரண்டு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி ஏறிவிடுகிறார்கள். மதியத்துக்குமேல் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, இன்னொருவர் தலைவலி என்று உட்காருகிறார். நேற்று, புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் குடித்த தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்துவிட்டார். மேஸ்திரியிடம் கேட்டால், "தண்ணீர் அதிகம் குடித்தால் வேர்வைதான் அதிகமாகும், வயிறு கனத்து ஏணியில் ஏற முடியாது" என்கிறார். ஓடு சுமக்கும் சித்தாள் பெண்களோ மதியச் சாப்பாடுவரை தண்ணீரைத் தொடுவதே இல்லை.

மருந்துக்கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் வாங்கி வைத்தேன். ஒருவர் முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும், உப்புச் சேர்க்க வேண்டுமா, நீராகாரமும் மோரும் போதுமா அல்லது பொட்டலம்தான் வேண்டுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆட்களில் மூத்தவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – காரைக்குடி மருத்துவர்

முதலில் அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று அவர் வேலைக்கு வந்திருந்தால் கூரைமேல் ஏற்ற வேண்டாம், நிழலில் சட்டம் இழைப்பவருக்குக் கையாளாக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வேர்வை அதிகமாகிறது என்று உங்கள் மேஸ்திரி குறைப்பட்டுக்கொள்வதைத்தான் உடல் விரும்பிச் செய்கிறது. வேர்வை தோலின்மேல் ஆவியாகும்போது உடற்சூட்டை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். கடும் வெயிலில் சுமை தூக்குபவருக்கு மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வேர்ப்பது இயல்பு. தண்ணீரைக் குறைத்தால் வேர்வை உடனே குறைந்துவிடுவதில்லை. இழப்பு தொடர்ந்துகொண்டிருக்க, இரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் வேகமாகத் துடிக்க நேர்ந்து, உட்சூடு ஏறத் தொடங்கும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே வேலைத்திறனும் கவனமும் தளர்கின்றன. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர்தான். கூரைமேல் நிற்பவரின் கவனம் தளர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, வெயிலில் கடினமாக உழைப்பவர்களுக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை ஏறத்தாழ 240 மில்லி லிட்டர், அதாவது ஒரு பெரிய தம்ளர், என்பதே தொழில்நல வழிகாட்டுதல்கள் சொல்லும் கணக்கு. மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வரும். ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருந்தால், உடல் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும். மூன்று மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்துவிட்டு இரண்டு செம்பை ஒரே மூச்சில் குடிக்கும்போது, வயிறு அவ்வளவையும் உடனே குடலுக்கு அனுப்ப இயலாமல் உப்பிக்கொள்கிறது. மேஸ்திரி சொல்லும் கனமும், அந்த இளைஞரின் வாந்தியும் பெரும்பாலும் இப்படி வருபவைதான்.

இனி உப்பு. ஒரு லிட்டர் வேர்வையில் ஆளுக்கு ஆள் மாறுபட்டு, ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை உப்பு வெளியேறுகிறது. சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு படிபவர்கள் அதிக உப்பை இழப்பவர்கள். வேளாவேளைக்குச் சோறு, குழம்பு, இரசம், ஊறுகாய் என்று சாப்பிடுபவருக்கு அந்த உப்பு உணவிலேயே திரும்பக் கிடைத்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து, பகல் முழுவதும் வெறும் தண்ணீரை மட்டும் பல லிட்டர் குடிப்பவருக்குத்தான் இடர். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று நீர்ச்சத்துக் குறைவில் காணும் அதே அறிகுறிகள் வரும். அதற்கு மேலும் தண்ணீரைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே, தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, வேலைக்கு வருமுன் சாப்பிட்டார்களா என்று கேட்பதும் அவ்வளவு முக்கியம். உப்பு மாத்திரைகளை விழுங்குவது வேண்டாம், வயிற்றைப் புரட்டும்.

பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தது தவறு. ஒரு லிட்டருக்கு என்று அச்சிடப்பட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் இணைந்தே உள்ளே நுழைகின்றன, தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. இந்த விகிதம்தான் அந்தக் கரைசலின் பலம். கெட்டியாகக் கரைத்தால் உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடலாம். நாள்தோறும் எல்லோருக்கும் இது தேவையில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவருக்கும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டவருக்கும், சாப்பிட முடியாமல் நாள் முழுவதும் வேர்த்தவருக்கும் கொடுங்கள்.

மாத்திரை சாப்பிடும் பெரியவர் விஷயத்தில் கவனம் தேவை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்பவை. அவர் தம் மருத்துவரிடம் வெயிலில் வேலை செய்வதைச் சொல்லி அறிவுரை கேட்க வேண்டும், தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உப்புக் கரைசலையும் அவர் கேட்காமல் குடிக்க வேண்டாம். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன லிட்டர் கணக்கு பொருந்தாது.

பதில் – கொத்தமங்கலம் ஓட்டு மேஸ்திரி

டாக்டர் ஐயா சொல்வது சரியான கணக்கு. ஆனால் கூரைமேல் இருப்பவர் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஏணியில் இறங்கி வளவுக்கு வந்து தண்ணீர் குடிப்பார் என்று நினைத்தால் அது நடக்காது. ஏறி இறங்குவதே ஒரு வேலை. மேஸ்திரிக்கும் நேரம் போகிறதே என்ற கவலை இருக்கும், அதை அவர் உங்களிடம் நேராகச் சொல்லாமல் வயிறு கனக்கும் என்று சொல்கிறார். தண்ணீர் மேலே போக வேண்டும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை ஈரச் சாக்கில் சுற்றித் தைத்து, கப்பிக் கயிற்றில் ஏற்றி, சாரத்தின் நிழல் விழும் பக்கத்தில் கட்டிவிடுங்கள். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தால் உள்ளே இருப்பது குளுமையாகவே இருக்கும். வெந்நீர்போல் ஆன தண்ணீரை எவரும் குடிக்க மாட்டார்கள், நீங்கள் எவ்வளவு சொன்னாலும் சரி.

சுவையும் அப்படித்தான். எங்கள் பக்கம் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், ஆட்கள் வாயை நனைத்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அது பெருமைப் பேச்சாகத் தோன்றினாலும், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஆட்கள் தாமாகவே அடிக்கடி குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குடிப்பதற்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வாங்கிக் கொடுங்கள்.

எட்டு மணிக்கு ஏறுவது என்பதையே மாற்ற வேண்டும். கத்திரியில் நாங்கள் விடிந்தும் விடியாமலும், ஆறு மணிக்குள் ஏறிவிடுவோம். பதினொன்றரைக்கு இறங்கினால் மூன்றரைக்குமேல்தான் மறுபடி ஏறுவது. ஏறுமுன் ஆளுக்கு ஒரு செம்பு நீராகாரம், உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்து. பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிடுபவர் சாப்பிடட்டும், சாப்பிடாதவர் கரைத்துக் குடிக்கட்டும். நண்பகலில் ஓடு மேலே வெயிலை வாங்கி, கீழே குனிந்திருப்பவரின் முகத்தில் அடிக்கும். வெறுங்கையால் ஓட்டை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் செய்யும் இரண்டு மணி வேலையைக் காலையில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது உங்கள் மேஸ்திரிக்கும் தெரியும்.

வெற்றிலை, புகையிலை போடுபவர்களை விசேஷமாகக் கவனியுங்கள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதால் நா வறண்டது தெரியாமல், தண்ணீர் வேண்டாம் என்பார்கள். முந்தைய இரவு மது அருந்தியவர் காலையிலேயே வறண்ட உடலோடு வருகிறார். அவரை அன்று மேலே ஏற்றுவதில்லை என்பது என் கண்டிப்பு. தேநீரைத் தடுக்க வேண்டாம், ஆனால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் – சித்தாளின் மகள், தேவகோட்டை

சித்தாள் பெண்கள் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். அவர்கள் ஏன் தொடுவதில்லை என்று கேட்டீர்களா, ஐயா? என் தாயார் இதே செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் மணலும் சுமந்தவர். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை, ஆகவே குடிப்பதில்லை. நீளத்தில் ஒரு தெருவிலிருந்து மறுதெருவரை போகும் வீடுகளில், வேலைக்கு வந்த பெண்களுக்கு ஒரு கழிப்பறையைத் திறந்துவிட மனம் வராத உரிமையாளர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். முள்ளுக்காட்டுப் பக்கம் போய்வா என்பார்கள். சாரத்தின்மேல் ஆண்கள் நிற்கும்போது எந்தக் காட்டுக்குப் போவது?

இதனால் வருவது களைப்பு மட்டுமன்று. நீர்ச்சுருக்கு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீரகக் கல் என்று ஒவ்வொன்றாக வரும். மாதவிலக்கு நாட்களில் இன்னும் கொடுமை. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் வெப்பமான பணியிடங்களில் பெண்களிடம் இதையே ஆராய்ந்து, கழிப்பறை இல்லாததால் தண்ணீரைத் தவிர்ப்பதை 2016 இல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். 1996 ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் குடிநீருக்கு 32 ஆம் பிரிவும் கழிப்பிடத்துக்கு 33 ஆம் பிரிவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டதில் பொருள் இருக்கிறது. குடிநீர் வைக்கும் இடம் கழிப்பிடத்திலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்றுகூட அதில் எழுதப்பட்டிருந்தது. பெரிய கட்டுமானங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் வீட்டில் கழிப்பறை ஏற்கெனவே இருக்கிறது, சாவியைக் கொடுத்தால் போதும். உட்புறம் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணாந்து குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பானையை வளவுக்குள் வைத்து, வீட்டார் மொண்டு ஊற்றினால்தான் குடிக்கலாம் என்ற பழைய வழக்கம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அதை இன்றே நீக்கிவிடுங்கள். கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டிய தண்ணீரை எவரும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க மாட்டார்கள். குழாய் வைத்த பானையும், ஆளுக்கு ஒரு தம்ளரும் வாசலில் இருக்கட்டும்.

பதில் – கல்யாணச் சமையல்காரர், புதுவயல்

எங்களுக்கு வெயில் இல்லை, ஆனால் விறகு அடுப்பு உண்டு. முகூர்த்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டி, மதியப் பந்தி முடியும்வரை நெருப்பின் முன்னும் சோற்று ஆவியிலும் நிற்கிறோம். ஆவி நிறைந்த கொட்டகையில் வேர்வை வழிந்து ஓடுமே தவிர, காயவே காயாது. கோடை மழை பெய்து விட்ட மறுநாள் உங்கள் கூரையிலும் அதே புழுக்கம்தான் இருக்கும். வெயில் குறைந்திருக்கிறதே என்று அன்று தண்ணீரையும் ஓய்வையும் குறைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஆட்களுக்கு நான் வைப்பது நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். மிளகாயைக் கீறித்தான் போட வேண்டும், அரைத்தால் வெறும் வயிற்றில் எரியும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் மோரை வைக்காதீர்கள், களிம்பு ஏறிக் குமட்டும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். மதியத்துக்குமேல் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஒரு சிட்டிகை உப்புப் போட்ட பானகம். பாட்டில் குளிர்பானத்தைவிட எங்கள் பையன்கள் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அத்தனை பேருக்கும் தினமும் வாங்கிக் கட்டுப்படியாகாது.

டாக்டர் ஐயா, மோரில் லிட்டருக்கு எவ்வளவு உப்பு என்பதை நாங்கள் நாக்கைக் கொண்டுதான் பார்க்கிறோம். அது சரியா?

பதில் – காரைக்குடி மருத்துவர்

நாக்கு நல்ல அளவுகோல்தான், சமையல்காரர் நாக்கு என்றால் சற்றுத் தூக்கலாக இருக்கும் என்று ஐயப்படுகிறேன். லிட்டருக்குச் சமமாக வழித்த கால் தேக்கரண்டி முதல் அரைத் தேக்கரண்டி வரை போதும், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்வதானால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் வழித்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் என்பது கணக்கு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே வேர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது, உணவோடு சேர்ந்தால் நன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பொட்டாசியத்துக்காகவே இளநீரைத் தவிர்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகத்துக்குப் பதில் மோர் கொடுங்கள்.

தேவகோட்டை அம்மா எழுதியதை வீட்டுக்காரர் முதலில் செய்ய வேண்டும். நான் சொன்ன லிட்டர் கணக்கெல்லாம் அந்தக் கழிப்பறைக் கதவு திறந்த பிறகுதான் அந்தப் பெண்களுக்குப் பயன்படும்.

இளைஞரைப் பற்றிய காரணத்தைச் சொல்வதாகச் சொன்னேன். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வேர்க்கும், அந்த வேர்வையில் உப்பும் குறைவாக இருக்கும். அதனால் பழகியவருக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று எண்ணுவது தலைகீழ், அவருக்குத்தான் கூடுதலாக வேண்டும். புதியவரை முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நிறுத்தி, நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிச் செல்ல வேண்டும். அனுபவம் உள்ளவரே ஆனாலும், ஓரிரு வாரம் விட்டுவிட்டு வந்தால் முதல் நாள் பாதி, அடுத்த நாள் சற்றுக் கூடுதல் என்றுதான் தொடங்க வேண்டும். வெயில் மயக்கத்துக்கும் வெப்பவாதத்துக்கும் (ஹீட் ஸ்ட்ரோக்) ஆளாவோரில் வேலைக்கு வந்து சில நாட்களே ஆனவர்கள் மிகுதி.

போதிய நீர் குடிக்கிறார்களா என்று அறிய, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறம் மாறித் தெரியும், அவர்கள் அதை நம்ப வேண்டாம். எடைக்கருவி இருந்தால் காலையிலும் மதியமும் ஏறி நிற்கட்டும், குறையும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர்.

எவராவது பிதற்றினாலோ, நாக்குக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அது தண்ணீர் கொடுத்துச் சரிசெய்யும் நிலை அன்று. வேர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே நிழலுக்கு இறக்கி, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கேள்வியாளர் – பள்ளத்தூர் வீட்டுக்காரர்

அனைவருக்கும் நன்றி. மேற்குப் பக்கக் கழிப்பறையைக் கழுவித் திறந்துவிட்டேன், தாழ்ப்பாளும் புதிதாகப் போட்டாயிற்று. அதைச் சொன்னபோது சித்தாள்களில் மூத்தவர், "இதை முதல் நாளே செய்திருக்கலாமே, தம்பி" என்றார். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளை முதல் ஆறு மணிக்கு ஏறுவதற்கு மேஸ்திரி ஒப்புக்கொண்டார். நடுப்பகல் இடைவெளியில் வீட்டுக்குப் போய்வர இயலாத வெளியூர் ஆட்கள் வளவிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும். புதிய இளைஞருக்கு நிழலில் வேலை கொடுத்தால் கூலியைக் குறைப்பேன் என்றார், குறையாமல் நான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் அறிவுறுத்தியபடி பெரியவரை இன்று காலை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன், அதுவரை அவர் கீழேதான் இருப்பார்.

ஒரே ஐயம். மேலே கேன் கட்டினால், ஓடு ஏற்றும் கப்பிக் கயிற்றிலேயே அதையும் ஏற்றலாமா?

பதில் – கொத்தமங்கலம் ஓட்டு மேஸ்திரி

வேண்டாம். ஓட்டுக் கயிறு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீருக்கு அதில் முறை வராது. முகப்புப் பக்கச் சாரத்தில் தனியாக ஒரு சிறு கப்பி போட்டு, கீழே நிற்கும் ஆண் கையாள் (நிமிர்ந்தாள்) ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். காலி கேன் இறங்கியவுடன் நிறைந்த கேன் ஏற வேண்டும், மேலே இருப்பவர் கேட்கும்வரை அவர் காத்திருக்கக் கூடாது.